ஒன்பது சுற்றுகள்

"டீச்சர், நேத்து காலையில ஆறு மணிக்குப் பார்த்தோம், ஓடிக்கிட்டு இருந்தீங்க. பசியாறிட்டு ஒன்பது மணிக்குத் திரும்புறப்பவும் ஓடிக்கிட்டு இருக்கீங்க. ஏதும் வேண்டுதலா?" கடந்த திங்கட்கிழமை பள்ளி வாசலில் பெற்றோர் ஒருவர் இவ்வாறு கேட்டார். சிரித்துவிட்டேன். மணி அடித்துவிட்டதால் அவருக்கு அப்போது விளக்கம் கூற இயலவில்லை. இங்கே கூறுகிறேன்.

வேண்டுதல் ஏதுமில்லை. பினாங்குப் பாலத்தில் நடைபெறும் மாரத்தானுக்குப் பெயர் பதிந்திருக்கிறேன். 42.195 கிலோமீட்டர். அதற்காக வாரம் ஒரு முறை நெடுந்தொலைவு ஓடிப் பழக வேண்டும். அன்று எனக்கு 28 கிலோமீட்டர். தைப்பிங் ஏரிப் பூங்காவைச் சுற்றி நான் அமைத்துக்கொண்ட பாதையில் ஒன்பது சுற்றுகள்.

"இவ்வளவு மெதுவாகவா ஓடுவீர்கள்?" என்று உடனாசிரியர் ஒருவரும் கேட்டதுண்டு. மெதுவாக ஓடுவதுதான் இப்பயிற்சியின் உயிர். நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள சர்க்கரை, பலருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகிறது. அதன்பின் கால்கள் கல்லாகிவிடும். நெடுநேரம் நிதானமாக ஓடப் பழகிய உடல், கொழுப்பை எரித்துக்கொண்டு அந்தச் சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுக்கொள்கிறது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே சரியான வேகம் என்பார்கள். தனியே ஓடுபவள் யாரிடம் பேசுவது? நான் பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. (எதிரே வந்த சீனப் பெரியவர் ஒருவர் ஒருமுறை வழிவிட்டு ஒதுங்கி நின்றார். என்ன நினைத்தாரோ!)

விடியலுக்கு முன் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை; உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. ஆகவே ஐந்தரைக்கே தொடங்கிவிடுகிறேன். நெடுஞ்சாலையை விடுத்து ஒரே இடத்தைச் சுற்றி வருவதோ, வீட்டாருடன் செய்துகொண்ட உடன்படிக்கை. இருட்டில் பெண் தனியாக ஓடுவதா என்று என் கணவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பூங்காவில் விளக்குகள் உண்டு, நடப்போர் உண்டு, நீரும் வாழைப்பழமும் வைத்த என் காரும் உண்டு. சுற்றத்தார் சிலர் கேட்டது வேறு கேள்வி: "இந்த வயதில் பொம்பளைக்கு இது எதற்கு?" ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் ஓட இடம் கிடைத்ததே 1984இல்தான். அதற்கு இருபதாண்டுகள் முன்னரே, 1964இல், நம் எம். ராஜாமணி தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிவிட்டார். சுற்றத்தாருக்கு இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஈயம் தோண்டிய நிலத்தில் 1880இல் உருவான பூங்கா இது. ஏரியின் மேல் சாய்ந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் ஓடும்போது, முதல் நான்கு சுற்றுகள் எப்படிப் போகின்றன என்றே தெரியாது. ஒருபுறம் மலை, மறுபுறம் பழைய சிறைச்சாலையின் மதில். நாள்தோறும் முப்பத்தைந்து குரல்களுக்கு நடுவே நிற்பவளுக்கு அந்த அமைதி பெருஞ்செல்வம். பள்ளியில் தாமதமாக வரும் மாணவனைத் "திடலைச் சுற்றி ஓடு" என்று தண்டிக்கிறோம். உடற்கல்விப் பாடத்தைக் கணிதத்திற்குக் கடன் கொடுக்கிறோம். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகும் அக்கடன் பல இடங்களில் திரும்பி வரவில்லை. ஓட்டம் என்றாலே தண்டனை என்று பிள்ளைகள் எண்ணினால் அவர்களை எப்படிக் குறை கூறுவது?

ஏழாம் சுற்றிலிருந்துதான் கடினம். அங்கே அம்மா வந்துவிடுவார்.

அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நாளொன்றுக்கு 400 மரங்களுக்கு மேல் வெட்டி, வாளி சுமந்து நடந்தவர். அந்நாளில் அவருக்கு ஒரு நோயும் இல்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்ககத்திற்குக் குடிபெயர்ந்த பிறகே இனிப்புநீர் வந்தது. இப்போது சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் அமர்கிறார். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என்றது. ஈராண்டுகளுக்கு முன் என் இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி அளவு 6.0 என வந்தது. நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்று பொருள். அந்தத் தாளை அம்மாவிடம் காட்டவில்லை. மறுவாரம் காலணி வாங்கினேன். அண்மைப் பரிசோதனையில் 5.6. அடுத்த முறை என்னவாகும் என்பதை மரபும் முடிவு செய்யும், நான் மட்டுமல்ல.

28 கிலோமீட்டரை மூன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். காரில் அமர்ந்து ஒன்றரை லிட்டர் நீரையும் அங்கேயே குடித்துத் தீர்த்தேன். அம்மாவுக்கு மருத்துவர் அளந்து கொடுத்திருப்பது நாள் முழுமைக்கும் 700 மில்லிலிட்டர். அவர் கண்ணெதிரில் நான் நீர் அருந்துவதில்லை. அம்மாவுக்கு இது தெரியும் போலும். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்பது, எவ்வளவு தூரம் ஓடினாய் என்றன்று.

"தண்ணி குடிச்சிட்டியா கண்ணு?"

"குடிச்சிட்டேன்மா."