சேடைக்கு இறங்கும் சக்கரம்

வடக்கு ராஜன் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்ததும் குமராட்சியிலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் டிராக்டர்கள் ஓரங்கட்டி நிற்கத் தொடங்கும். பின் சக்கரத்தருகே இரண்டு பேர் குந்தியிருப்பார்கள். ஒருவர் கையில் கடப்பாரை, இன்னொருவர் கையில் ஸ்பேனர். பேருந்தில் போகிறவர்களுக்குப் பஞ்சர் பார்ப்பதுபோலத் தெரியும். அவர்கள் மாட்டிக்கொண்டிருப்பது கேஜ் வீல், சேடை எனப்படும் சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம். அதைச் செய்கிறவர்களையும் மாட்டுகிறவர்களையும், அது ஓடிய சேற்றில் நின்று நாற்று நடுகிறவர்களையும் பார்ப்பதற்காகச் சிதம்பரத்தில் தங்கி இந்தப் பக்கம் சுற்றினேன்.

கடலூர் மாவட்டத்தின் தென்கோடியான இது காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை கடந்து, அணைக்கரையில் உள்ள கீழணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்துதான் இந்த வயல்களுக்கு வர வேண்டும். கீழணை 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது. அங்கே பிரியும் வடவாறு, முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரியை நிரப்புகிறது. வடக்கு ராஜன் வாய்க்கால் நேராக வயல்களுக்கு ஓடுகிறது. தண்ணீர் வருவது தாமதமானால் நாற்றங்கால், சேடை, நடவு எல்லாம் சேர்ந்து நெருக்கும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பயிர் வேர்பிடித்தாக வேண்டும். அதனால்தான் ஒரு வயலுக்கு வர வேண்டிய வண்டியை நான்கு வயல்காரர்கள் கைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்த நெருக்கடிக்குப் பயந்து பலர் நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். நடவையே நம்பியிருப்பவர்களுக்குச் சேடை இல்லாமல் முடியாது.

இங்கே மண் பெரும்பாலும் களி. சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே வயல், தண்ணீர் கட்டி மூன்று நாள் ஊறினால் காலை விடாது. டிராக்டரின் பின் டயரில் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்க் கட்டைகளைப் பட்டன் என்பார்கள். காய்ந்த நிலத்தில் மண்ணைக் கவ்வி வண்டியைத் தள்ளுவது அவைதான். களிச்சேற்றில் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளம் இரண்டு சுற்றிலேயே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு டயர் வழுவழுப்பான உருளைதான். என்ஜினில் நாற்பத்தைந்து குதிரைத்திறன் இருக்கலாம். பிடிக்க இடமில்லாத சக்கரத்துக்கு அந்தத் திறன் எந்த உதவியும் செய்யாது, இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு இறங்கத்தான் பயன்படும்.

கேஜ் வீல் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. இரும்பு வளையங்களுக்குக் குறுக்கே ஆங்கிள் துண்டுகளை வரிசையாக வைத்துப் பற்றவைத்த கூண்டு அது. துண்டுகளுக்கு இடையே திறந்த வெளி இருப்பதால் சேறு அடைத்துக்கொள்ளாமல் விழுந்துவிடும். ஒவ்வொரு ஆங்கிளும் சேற்றுக்கடியில் இருக்கும் கெட்டி மண்ணில் ஊன்றி வண்டியைத் தள்ளும். சக்கரத்தின் அகலம் கூடுவதால் பாரம் பரவி, வண்டி ஆழமாக இறங்குவதும் குறையும். போகிற போக்கில் தக்கைப்பூண்டையும் பழைய தாளையும் சேற்றுக்குள் மிதித்து அமுக்கிவிடும். டயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவது முழு வீல். டயர் இருக்க, அதற்கு வெளிப்பக்கம் மாட்டுவது அரை வீல். நான் பார்த்த வண்டிகளில் இருந்தது அரை வீல்.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு வெல்டிங் பட்டறை. ஆனி மாதத்திலிருந்தே அங்கே கேஜ் வீல் வேலைதான். வாசலில் புது வளையங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன, பக்கத்தில் போன பருவத்தில் நெளிந்துபோனவை. பட்டறைக்காரர் அறுபதைக் கடந்தவர். வளையத்தைத் தரையில் படுக்கவைத்து, நடுவிலிருந்து கயிறு பிடித்து எட்டு இடத்தில் அளந்த பிறகுதான் முதல் ஆங்கிளை வைக்கிறார். வட்டம் ஒரு விரல் கோணினாலும் வயலில் வண்டி குதிக்குமாம். குதித்தால் போல்ட் ஓட்டைகள் நீளும், நீண்டால் நட்டு நிற்காது.

“ஆங்கிள நேரா வெச்சா ஒவ்வொண்ணும் தடால் தடால்னு எறங்கும் தம்பி. கொஞ்சம் சாய்ச்சு வெச்சா ஒண்ணு எறங்கும்போதே அடுத்தது தொட்டுடும். ஓட்டறவன் இடுப்பு தப்பிக்கும்” என்றார். ஓட்டுகிறவனின் இடுப்பை நினைத்து ஆங்கிளைச் சாய்க்கும் அந்தக் கவனத்தை எந்த விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது. அவருடைய கைக்கு இந்த வட்டாரத்தில் மரியாதை இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்ன இன்னொன்று அளவைப் பற்றியது. முறையாகச் செய்த அரை வீலின் விட்டம் டயரின் விட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். கெட்டித் தரையில் பாரம் முழுவதும் டயரில் நிற்கும், இரும்பு தரையைத் தொடாது. சேற்றில் டயர் அமுங்கியதும் இரும்பு வேலைக்கு வரும். பட்டன் தேய்ந்த டயரிலும் காற்றுக் குறைந்த டயரிலும் இந்த இடைவெளி காணாமல் போய்விடும். “டயர் தேஞ்சவன்தான் ரோட்ட கிழிக்கிறான், என் வீலு கிழிக்கல” என்று அவர் அழுத்திச் சொன்னார். அது முழு உண்மையில்லை. நல்ல டயரும் மேடுபள்ளத்தில் அமுங்கத்தான் செய்கிறது. ஆனாலும் சாலைச் சேதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் டயரின் தேய்மானத்தைப் பார்ப்பதில்லை என்பதை நான் அங்கேதான் கவனித்தேன்.

பனி கொட்டும் நாடுகளில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. அங்கே டிராக்டர் முன்னால் தகட்டைக் கட்டிப் பனியைத் தள்ளும்போது டயர் வழுக்கும். அதற்குச் சங்கிலிகளை டயர்மீது வலைபோலச் சுற்றிக் கட்டுவார்கள். ஹாரி வீட் என்ற அமெரிக்கர் 1904இல் அத்தகைய சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். கனடாவில் வாழும் நம்மவர்களுக்கு இது பழக்கமான பொருள். அந்தச் சங்கிலியிலும் கட்டுவதைவிடக் கழன்றுவிடாமல் காப்பதுதான் பெரிய வேலை. கட்டிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் சங்கிலி தனக்கான இடத்தில் படிந்து தளரும். அப்போதே நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தளர்ந்த நுனி மட்கார்டை அடித்து நொறுக்கும், அல்லது அச்சில் சுற்றிக்கொள்ளும்.

குமராட்சியில் நான் பார்த்த ஓட்டுநருக்குப் பனிச் சங்கிலியைத் தெரியாது. ஆனால் அவரும் அதைத்தான் செய்தார். கேஜ் வீலை அவரும் உதவியாளரும் உருட்டிவந்து டயரோடு சாய்த்தார்கள். டயரைவிடச் சிறியது என்பதால் அடியில் செங்கல் கொடுத்துக் கடப்பாரையால் நெம்பி ஓட்டைகளை நேர்ப்படுத்த வேண்டியிருந்தது. எல்லா போல்ட்டையும் கையால் செருகிய பிறகு, எதிரெதிராக மாற்றி மாற்றி நட்டை முடுக்கினார். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் வீல் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருமாம். பிறகு வயலில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவந்து வரப்போரம் நிறுத்தினார். என்ஜினை அணைத்துவிட்டுச் சேற்றில் குதித்து, கையால் துழாவி ஒவ்வொரு நட்டாகத் தேடி மறுபடி முடுக்கினார்.

“இந்த ரெண்டாவது முடுக்கு முக்கியம் சார். இத வுட்டா மதியத்துக்குள்ள ஒரு போல்ட் கத்தரிச்சிக்கும். ஒண்ணு போனா மத்தது தாங்காது. வீலு நடு வயல்ல கழண்டு படுத்துக்கும்” என்றார். கழன்ற வீலைச் சேற்றிலிருந்து தூக்கி, தொலைந்த நட்டைக் காலால் தடவித் தேடுவதில் அரை நாள் போகும். அவருடைய டிபன் பெட்டி வைக்கும் இடத்தில் ஒரு டப்பா நிறைய புது நட்டும் ஸ்பிரிங் வாஷரும் இருந்தன. மாலையில் கழற்றியதும் பின் அச்சின் ஆயில் சீல் பக்கம் விரல் வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். வீல் வெளியே தள்ளி நிற்பதால் அச்சுக்கும் பேரிங்குக்கும் பாரம் கூடும். நாளெல்லாம் சேற்றுத் தண்ணீர் வேறு.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வண்டி சில சமயம் புதைந்துவிடும். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேற்றுழவில் உயிர் போகும் நேரம் அதுதான். புதைந்ததும் பதற்றத்தில் வேகத்தைக் கூட்டுவார்கள், சக்கரம் மேலும் குழி பறிக்கும். அதற்கடுத்துச் சிலர் செய்வது, பின் சக்கரங்களுக்குக் குறுக்கே ஒரு கட்டையைச் சங்கிலியால் கட்டி ஓட்டுவது. கட்டை அடியில் போய் வண்டியைத் தூக்கிவிடும் என்ற நம்பிக்கை. கட்டை கெட்டியாக ஊன்றி, சக்கரம் சுழல முடியாமல் நின்றுவிட்டால், என்ஜினின் விசை சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதில் வண்டியின் உடலை அச்சின்மீது சுற்றும். முன் சக்கரங்கள் மேலெழும்பி, வண்டி மல்லாந்து ஓட்டுநர்மீது விழும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது. நான் சந்தித்த ஓட்டுநர்களில் மூத்தவர் ஒருவர் தன்னோடு வேலை பார்க்கும் இளைஞர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். “கட்டைய கட்டாத. மம்புட்டி எடுத்து சக்கரத்துக்கு முன்னாடி பறி. இல்ல, இன்னொரு வண்டிய கூப்புடு. அவமானம் ஒண்ணும் இல்ல” என்பது அவர் வார்த்தை. இன்னொரு வண்டி வைத்து இழுத்தாலும் சங்கிலியை அச்சுக்குக் கீழேதான் மாட்ட வேண்டும், மேலே மாட்டினால் இழுக்கிற வண்டி மல்லாரும். வாய்ப்பிருந்தால் வந்த வழியே பின்பக்கமாக எடுப்பது நல்லது. இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் இடம் இந்த ஓட்டுநர்கள் யாருக்கும் வாய்த்ததில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் பக்கத்திலேயே இருக்கிறது. பருவத்துக்கு முன் அரைநாள் பயிற்சி ஒன்றை அங்கே கூட்டினால் ஓட்டுநர்கள் வருவார்கள் என்றே நம்புகிறேன். கேட்டவர்கள் எல்லோரும் வருவதாகத்தான் சொன்னார்கள்.

சேடை நன்றாக ஓட்டப்பட்டதா என்று சொல்லத் தகுதியானவர்கள் நடவுப் பெண்கள். மறுநாள் அவர்கள்தான் அந்தச் சேற்றுக்குள் இறங்குகிறார்கள். “மேல வெண்ணெ மாதிரி, அடியில காலுக்குக் கெட்டியா இருக்கணும். ஒரே எடத்துல நாலு தடவ ஓட்டி ஆழமா கலக்கிட்டா காலு உருவ முடியல. இடுப்பு வலி அன்னிக்கு ரெண்டு பங்கு” என்றார் ஓர் அக்கா. சேற்றுப்புண் ஆறாத விரலிடுக்குகளில் மஞ்சள் பூசியிருந்தார். கேஜ் வீல் பிடிப்புக் கொடுக்கும்போதே அடிமண்ணையும் உடைக்கிறது. ஓட்டுநர் திரும்பும் வரப்போரங்களில் ஆண்டுக்காண்டு பள்ளம் கூடுகிறது. நடவு இயந்திரம் வைத்திருப்பவர்களும் இதே குறையைச் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சேறு ஆழமில்லாமலும், ஓட்டிய பின் ஒரு நாளாவது படிந்தும் இருக்க வேண்டும். கூலிக்கு ஓட்டுபவருக்கு இந்தச் செய்தி போய்ச்சேருவதில்லை, அவர் அடுத்த வயலுக்குப் போயிருப்பார்.

இனி சாலை. கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது, ஓட்டினால் நடவடிக்கை என்று மாவட்ட நிர்வாகங்கள் ஆண்டுதோறும் எச்சரிக்கின்றன. எச்சரிப்பதில் நியாயம் இருக்கிறது. புதிதாகப் போட்ட கிராமச் சாலையில் குறுக்குக் கோடுகளாகப் பெயர்ந்து கிடப்பதைப் பார்த்தேன். மழை அந்தக் கீறல்களில்தான் இறங்கும். இது நமக்கு மட்டும் வந்த வழக்குமில்லை. அமெரிக்காவில் 1932இல் அல்லிஸ் சால்மர்ஸ் டிராக்டருக்குக் காற்றடைத்த டயர் வருவதற்கு முன் டிராக்டர்கள் பல் வைத்த இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. அப்போது அங்கேயும் சாலைக்காரர்களுக்கும் உழவர்களுக்கும் இதே சண்டை.

ஓட்டுநர்கள் ஏன் கழற்றாமல் ஓட்டுகிறார்கள்? வாடகை மணிக்கணக்கில். வயலில் கலப்பையோ ரோட்டவேட்டரோ இறங்கிய நேரத்திலிருந்துதான் கணக்கு. மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஆகும் நேரத்துக்கு வயல்காரரும் தருவதில்லை, உரிமையாளரும் தருவதில்லை. ஒரு மணி ஓட்டும் சின்ன வயலுக்கு முக்கால் மணி ஸ்பேனரோடு உட்கார வேண்டும். சாலை கடந்து அடுத்த வயல் என்றால் மறுபடி அதே வேலை. பேட்டா வாங்கும் ஓட்டுநர் ஒருவர் அந்த நேரத்தைத் தன் கையிலிருந்து கொடுக்கிறார். அபராதம் வந்தால் அதுவும் பெரும்பாலும் அவர் தலையில் விழுகிறது. சாலை நல்லபடி இருக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். மாட்டிக் கழற்றும் நேரத்தையும் வாடகையில் சேர்க்காமல் சாலையைக் காக்கும் பொறுப்பை ஓட்டுநர்மீது மட்டும் சுமத்துவது அநியாயம்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வயல்காரர்கள் சிலர் இதற்குத் தாங்களே வழி செய்திருந்தார்கள். சாலைக்கு வடபுறம் உள்ள எல்லா வயல்களுக்கும் தண்ணீரை ஒரே முறையில் கட்டி, வரப்பில் இறங்கியேறும் இடங்களைச் சேர்ந்து மண் கொட்டிச் சரித்து, வண்டி சாலைக்கு வராமலே வயல் விட்டு வயல் போகும்படி வைத்தார்கள். வடபுறம் முடிந்த பிறகுதான் தென்புறம். மாட்டும் கூலியென்று ஒரு தொகையைக் காணிக் கணக்கில் பகிர்ந்து தனியாகக் கொடுத்தார்கள். “காலையில ஒரு தரம் மாட்டினேன், சாயந்தரம் ஒரு தரம் கழட்டினேன். வெளிச்சம் இருக்கும்போதே வூட்டுக்குப் போயிட்டேன்” என்றார் அங்கே ஓட்டியவர். தென்புறத்து வயல்காரர்கள் தங்கள் முறை எப்போது என்று கேட்டு அவர் கைபேசிக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை என்று அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.