பை கலங்கினா நீங்க கலங்காதீங்க!

ஃப்ரெண்ட்ஸ், நியூஸ்பேப்பரை நீங்க படிக்கத்தானே வாங்குவீங்க? எங்க வீட்டுல அதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அப்பா வயித்துல இருந்து வடிஞ்ச திரவப் பையை அதுமேல வெச்சுப் பார்ப்போம். எழுத்து பளிச்னு தெரிஞ்சா நிம்மதி.

கிட்னி ரெண்டும் கைவிட்டதால அப்பாவுக்கு வீட்டிலேயே சி.ஏ.பி.டி. டயாலிசிஸ். வயித்துல பொருத்தின குழாய் வழியா 2 லிட்டர் திரவம் உள்ளே போகும்; சில மணி நேரம் கழிச்சு கழிவோட வெளியே வரும். தினம் 4 தடவை. 1976-ல் அமெரிக்காவின் பாப்போவிச்சும் மான்கிரீஃபும் அறிமுகப்படுத்தின முறை இது. மெஷின் வேண்டாம், ஆனா சுத்தம் ரொம்ப முக்கியம். குழாய்க்குள்ள கிருமி நுழைஞ்சா வயித்துச் சவ்வுல இன்ஃபெக்‌ஷன். அதுதான் பெரிடோனைட்டிஸ்.

போன வருஷம் ஒருநாள் எழுத்து தெரியலை. பை அரிசி கழுவின தண்ணி மாதிரி இருந்தது. வயித்து வலி வேற. "மிச்சமிருக்கற ஆன்ட்டிபயாட்டிக்கைப் போட்டுக்கறேன், நாளைக்குப் பார்க்கலாம்மா"ன்னார் அப்பா. நான் மைக்ரோபயாலஜி படிக்கற பொண்ணு, விடுவேனா? பையோட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம்.

ஏன் அவசரம்? சாம்பிள் எடுக்கும் முன்னாடியே மருந்து போயிட்டா, கல்ச்சர்ல கிருமி வளராமலே போகலாம். அப்புறம் எதிரி யாருன்னே தெரியாது.

லேப்ல முதல்ல செல் கவுன்ட். 1 மைக்ரோலிட்டர்ல வெள்ளை அணுக்கள் 100-க்கு மேல, அதுல பாதிக்கு மேல நியூட்ரோஃபில்னா பெரிடோனைட்டிஸ்னு சந்தேகிக்கணும். அப்பாவுக்கு 1,400! கிராம் ஸ்டெயின்ல ஒண்ணும் தெரியலை. அதனால கிருமி இல்லைன்னு அர்த்தமில்லை; பல நேரம் அப்படித்தான். திரவத்தை பிளட் கல்ச்சர் பாட்டில்ல செலுத்தினாங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம, டயாலிசிஸ் திரவத்திலேயே மருந்தைக் கலந்து ஆரம்பிச்சுட்டாங்க. 5 நாள்ல தெளியலைன்னா குழாயையே எடுக்க வேண்டி வரலாம்னார் டாக்டர்.

ரெண்டாம் நாள் பதில் வந்தது: ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். நம்ம எல்லார் தோல்லயும் குடியிருக்கற கிருமி. அப்பா தன் கையையே பார்த்துக்கிட்டு, "நானேதான் உள்ளே விட்டேனா?"ன்னார். "என் கையிலயும்தான்ப்பா இருக்கு"ன்னேன். அதுக்கு எந்த மருந்து கேக்கும்னு சென்சிட்டிவிட்டி டெஸ்ட் சொல்லிடுச்சு. 4-ம் நாள் பை தெளிஞ்சது. குழாய் தப்பிச்சது.

உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது சி.ஏ.பி.டி.யில இருக்காங்களா? இதை மட்டும் சொல்லி வைங்க: பை கலங்கினா கொட்டாதீங்க, கையோட எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சுயமா மாத்திரை வேண்டவே வேண்டாம். சொல்வீங்கதானே?