யாரும் குலுக்காத தாயம்

அரை ஆயுள் கணக்கை மாணவர்கள் பிழையின்றிப் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்குக் கவலையளித்ததே அதுதான். அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள், எனவே 100 அணுக்களில் 50 எஞ்சும் என்று எழுதி மதிப்பெண் பெறுகிறவர்களிடம், 'இந்த ஓர் அணு எப்போது சிதையும்?' என்று கேட்டால், 'எட்டாம் நாள்' என்கிறார்கள். பதினாறாம் நாளில் ஒன்றுமே இராது என்பவர்களும் உண்டு.

தேனி மாவட்டத்தில் கதிர்வீச்சு என்னும் சொல் பாடநூலோடு நின்றுவிடுவதில்லை. பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு 2015இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பின் தேநீர்க்கடை வரை அது வாதப்பொருளாயிற்று. எந்தப் பக்கம் பேசுவதானாலும் சிதைவு என்றால் என்னவென்று தெரிந்து பேசுவது நலம் அல்லவா?

சனிக்கிழமைகளில் பள்ளிகளுக்குச் சென்று சோதனைகள் செய்துகாட்டும் நண்பர்கள் நாங்கள். வைகை அணைக்கு அருகிலுள்ள பள்ளியொன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த கருவி, தாயம் உருட்டப் பாட்டிமார் வைத்திருக்கும் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. ஆறு குழுக்கள், குழுவுக்கு நூறு. (சிமெண்டுத் தரையில் அறுநூறையும் தேய்த்த விரல்கள் பாவம்.) குலுக்கிச் சாக்கின்மேல் கொட்ட வேண்டும், வெள்ளை மேலே தெரிபவை சிதைந்தவை. அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தை மறுபடி குலுக்க வேண்டும்.

நாணயம் போல் பாதிக்குப் பாதி விழவில்லை. தேய்த்த பக்கம் தட்டையாகையால் அது தரையில் படியவே விரும்புகிறது. வெள்ளை ஏறக்குறைய பத்துக்கு நான்குதான். அதனால் பாதகமில்லை. சிதைவு விதிக்கு வேண்டியது ஒவ்வொரு வீச்சிலும் மாறாத ஒரே வாய்ப்பு, அவ்வளவே. எல்லாக் குழுக்களையும் கூட்டியபோது 600, 362, 219, 130, 81 என்று வரைகோடு ஒழுங்காக இறங்கிற்று. தனித்தனியே பார்த்தாலோ, ஒரு குழு எட்டாம் வீச்சில் காலி. இன்னொன்றில் ஒற்றைக் கொட்டை பதின்மூன்று வீச்சு தாண்டியும் கறுப்பாகவே கிடந்தது.

"இதுக்கு வயசாயிருச்சு சார், அடுத்த தடவை கட்டாயம் விழுந்துரும்" என்றான் ஒருவன். விழவில்லை. கொட்டைக்கு நினைவில்லை, அணுவுக்கு மூப்பில்லை. பூமி தோன்றிய நாள்முதல் இருக்கும் யுரேனியம் அணு நாளை சிதைவதற்கான வாய்ப்பு, அது முதல்நாள் கொண்டிருந்த அதே வாய்ப்புதான். ரூதர்ஃபோர்டும் கைகரும் 1910இல் பொலோனியத்தின் ஆல்ஃபா துகள்களை ஏழரை நொடிக்கொரு முறையாக 2608 முறை எண்ணிப் பார்த்தார்கள். தற்செயலின் கணிதம் சொன்னபடியே அவை வந்தன.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "கொட்டைய நாங்க குலுக்குறோம். அணுவ யாரு குலுக்குறா?"

எங்கள் சோதனை நொண்டும் இடம் அதுதான், மறைக்காமல் சொல்லிவிட்டோம். கொட்டை புரள்வதற்குக் கையின் வேகம், சாக்கின் மேடுபள்ளம் என்று காரணங்கள் உண்டு. இந்த அணு இந்தக் கணத்தில் ஏன் என்பதற்கோ குவாண்டம் கொள்கையில் விடையில்லை. "யாரும் குலுக்கலம்மா" என்றோம். அவளுக்கு நிறைவில்லை. ஐன்ஸ்டைனுக்கே கடைசிவரை நிறைவில்லை; அவளை எப்படிக் கடிந்துகொள்வது?

பேச்சை மாற்ற, அவளது மதிய உணவோடிருந்த வாழைப்பழத்தைக் காட்டினோம். அதிலுள்ள பொட்டாசியம்-40இல் நொடிக்குப் பதினைந்து அணுக்கள் அளவில் சிதைந்துகொண்டிருக்கின்றன என்றதும் வகுப்பு அடங்கிவிட்டது. பாதி உரித்த பழத்தைச் சற்றுநேரம் பார்த்திருந்தாள்.

"சாப்பிடலாமா சார்?"

"தாராளமா. உன் உடம்புக்குள்ளேயே நொடிக்கு ஆயிரக்கணக்கில் நடந்துக்கிட்டிருக்கு."