பத்துக் குமிழி

உருத்திரபுரத்தில் வளர்ந்த பெடியளுக்குத் தண்ணி புதுசில்லை. இரணைமடுவில் இருந்து தண்ணி திறந்தால் எங்கட வாய்க்கால் நிறையும். வாய்க்கால் நிறைஞ்சால் நாங்கள் வீட்டில நிக்கமாட்டம். ஆனால் தண்ணிக்குள்ள மூச்சு எப்பிடி முடியும் எண்டதை நாங்கள் படிச்சது கொம்பியூட்டரில்தான்.

முதல் வாத்தியார் 2002இல் வந்த வைஸ் சிற்றி. அதில் ஹீரோவுக்கு நீச்சலே தெரியாது, கடலுக்குள் விழுந்தால் கதை முடிஞ்சுது. பிறகு மைன்கிராஃப்ற். (அது ரோல் பிளேயிங் கேம் இல்லை எண்டு சண்டைக்கு வராதையுங்கோ.) தலை தண்ணிக்குள் போனதும் பத்துக் குமிழி தோன்றும். 15 செக்கனில் எல்லாம் உடையும், அதற்குப் பிறகுதான் உயிர் குறையத் தொடங்கும். தண்ணிக்குள் மூச்சுவிட ஒரு மருந்து காய்ச்சலாம், அதுக்குத் தேவை பேத்தை மீன்! எங்கட கடல்காரர் வலையில் வந்தால் நஞ்செண்டு தூக்கி எறியிற அதே பேத்தை.

2011இல் வந்த ஸ்கைரிமில் ஆர்கோனியன் எண்ட பல்லி மனிசருக்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை. எங்களில் ஒருத்தன் அதுக்காகவே எப்பவும் பல்லி மனிசனாத்தான் விளையாடுவான். விற்சர் 3இல் மூச்சைக் கூட்ட ஒரு மருந்து இருக்கு. கென்ஷினில் நீந்திக் களைச்சு மூழ்கினால் கொஞ்ச உயிர் போகும், திரும்பக் கரையில நிப்பம்.

சில வருசத்துக்கு முன்னம், மாரி முடிஞ்ச ஒரு தை மாதம், குளத்தில் எங்களுக்குள்ள ஒரு போட்டி. ஆர் கனநேரம் தாண்டு கிடக்கிறது? பல்லி மனிசன் மூழ்க முதல் வேகவேகமா இருபது தரம் மூச்சிழுத்துவிட்டான். அப்பிடிச் செய்தால் குமிழி கூடும் எண்டது அவன்ர கணக்கு. நாங்கள் கரையில் நிண்டு எண்ணினம். ஐம்பதில் கைதட்டினம். எழுபதில விசிலடிச்சம். உடுப்புத் தோய்க்க வந்த அக்கா ஒராள்தான், "டேய், அவன் விளையாடேல்லையடா!" எண்டு கத்தினா. தூக்கேக்க உதடு நீலம். கரையில போட்டதும் இருமி, சத்தியெடுத்து, கண்ணைத் திறந்து அவன் கேட்டது: "எத்தினை எண்ணினீங்கள்?"

ஆசுப்பத்திரியில் ஒரு இரவு வைச்சிருந்து பார்த்தார்கள். நடந்தது என்னவென்று அங்கேதான் விளங்கியது. மூச்செடு எண்டு உடம்பை நெருக்கிறது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதல்ல, காபனீரொட்சைட்டு கூடுவது. வேகவேகமா மூச்சுவிட்டால் ஒட்சிசன் பெரிதாகக் கூடாது, காபனீரொட்சைட்டு மட்டும் வெளியேறிவிடும். அதனால் மூச்சுமுட்டுகிற உணர்வு பிந்தும். அது வரும் முன்பே ஒட்சிசன் குறைந்து ஆள் மயங்கிவிடுவான். அவன் கூட்டினது குமிழியை இல்லை. எச்சரிக்கை மணியைத்தான் நிப்பாட்டியிருக்கிறான்.

மயங்காமல் தாழுகிறவர்களும் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மூச்செடுக்கவே வாய் போதாது, கத்துறது எங்க? கையை ஆட்டிக் கூப்பிடவும் முடியாது, கை தானாகத் தண்ணியை அமத்தும். 20 முதல் 60 செக்கனுக்குள் ஆள் கீழே போய்விடுவார். கேமில் குமிழி உடையும், திரை சிவக்கும். குளத்தில் ஒண்டுமே நடக்காத மாதிரித்தான் கிடக்கும்.

முந்தி மன்னார் சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளித்தவர்கள் பாரக் கல்லின் துணையோடு இறங்கி, ஒரு நிமிசமளவில் மேலே வருவார்கள். ஒவ்வொருத்தருக்கும் தோணியில் கயிறு பிடிக்க ஒரு ஆள். கீழே இருந்து கயிறு அசைஞ்சால் இழுத்து எடுக்கவேணும், அந்த நேரம் அவருக்கு வேறு வேலை இல்லை. ஸ்கைரிமில் லிடியா எங்கட சாமானெல்லாம் சுமந்துகொண்டு பின்னாலேயே வருவா, நாங்கள் தாழேக்க மட்டும் சும்மா நிப்பா. கயிறு பிடிக்கிற தோழரோட ஒரு கேமை இன்னும் நாங்கள் விளையாடேல்லை.

இப்பவும் குளத்துக்குப் போறம். மூச்சுப் போட்டி இல்லை. ஒருத்தர் கரையில, போனைப் பையில வைச்சிட்டு, தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கவேணும். பல்லி மனிசன்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்குவான்.