பாலாற்றில் கவசம் இல்லை

மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தபாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பஸ், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கர்நாடகம். வேலூர்க்காரர்கள் அறிந்த பாலாறு அல்ல இது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு கலக்கும் காட்டாறு. பாலத்துக்கு அப்பால் சாலை காட்டுக்குள் வளைந்து ஏறுகிறது. பஸ் நிறைய மலைக்குப் போகும் பக்தர்கள்.

1993 ஏப்ரல் 9 அன்று இதே வட்டாரத்தில், அப்போது மைசூர் மாவட்டமாக இருந்த பகுதியில், வீரப்பனைத் தேடிச் சென்ற தமிழக போலீஸ் படை கண்ணிவெடியில் சிக்கியது. 22 பேர் பலி. அதிகாரி 'ராம்போ' கோபாலகிருஷ்ணன் படுகாயத்துடன் பிழைத்தார். இறந்தவர்களில் போலீசார், வனத்துறையினர் தவிர, போலீசுக்குத் துப்புச் சொல்ல வந்த உள்ளூர்வாசிகளும் இருந்தனர். அவர்கள் ஏறி வந்தவை சாதாரண வாகனங்கள்.

தலைவர்களின் கதை வேறு. 1963ல் டல்லாஸில் திறந்த லிங்கன் காரில் சென்ற அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காருக்கு நிரந்தரக் கூரையும் கவசமும் பொருத்தி 1977 வரை பயன்படுத்தினார்கள். இந்தியப் பிரதமர்கள் குண்டு துளைக்காத அம்பாசடரில் சென்றார்கள்; வாஜ்பாய் காலத்தில் பி.எம்.டபிள்யூ. வந்தது. இன்றைய கவசக் கார்களில் கண்ணாடி, கதவு மட்டுமல்ல, கீழிருந்து வரும் வெடிப்பைத் தாங்க அடித்தளமும் பலப்படுத்தப்படுகிறது.

பாலாற்றில் வெடித்ததும் கீழிருந்துதான். அங்கே சாலைக்கும் கால்களுக்கும் நடுவே இருந்தது வெறும் தகரம்.

வீரப்பன் கதை 2004ல் முடிந்தது. மலைக்குச் செல்லும் பஸ்கள் இன்றும் அந்தச் சாலையில்தான் ஏறுகின்றன.