அடைவும் தேடலும்

தமிழ் பயில்வோர்க்குச் சொல்லடைவு புதிய பொருளன்று. வ.அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. புதுவையிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு சொல்லைச் சொன்னால் அது பயின்றுவரும் இடங்களைக் காட்டுவதே அடைவின் பயன். எம்.ஃபில். ஆய்வுக்காக அட்டைகளில் சொற்களை எழுதி அகர வரிசையில் அடுக்கியவன் நான். அப்பணியைக் கணிப்பொறி எங்ஙனம் செய்கிறது என்று அறியும் ஆர்வம் பின்னாளில் எழுந்தது இயல்பே.

கணினி அறிவியல் துறை நண்பர் ஒருவர் ‘நாட்மச்’ என்னும் மின்னஞ்சல் தேடுநிரலை எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். ‘பெரிதாக ஒன்றுமில்லை’ எனப் பொருள்படும் அடக்கமான பெயர்! கார்ல் வொர்த் என்னும் நிரலர் அதனை 2009ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியிட்டார். அஞ்சலைத் தருவிப்பதும் அனுப்புவதும் அதன் வேலையல்ல. வந்து சேர்ந்த அஞ்சல்களைப் படித்து, ‘ஸாப்பியன்’ என்னும் நூலகநிரலின் துணையால் அடைவாக்கி, கேட்ட சொல்லுக்குரிய மடல்களை எடுத்துத் தருவதே அதன் வேலை.

அந்நிரலின் மூலத்தோடு, இனிச் செய்யவேண்டிய பணிகளின் பட்டியலும் யாவரும் காண வைக்கப்பட்டது. தேடல் தொடரமைப்பு, தரவுத்தள மாற்றம், சோதனைத் தொகுதி எனப் பல தலைப்புகளில் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. தொடக்க காலப் பட்டியலில் முதலிடம் பெற்ற தலைப்பு என் கருத்தைக் கவர்ந்தது. புதிதாக வருவோர்க்கு மிகுந்த துன்பம் தருவனவற்றை முதலில் களைக என்பதே அது. பழைய அஞ்சல்களை முதன்முறை அடைவாக்கும்போது, அவையனைத்தும் இன்று வந்த மடல்கள் போலக் குறியிடப்படுவது அத்துன்பங்களுள் ஒன்று. நிரலுக்கு அணி சேர்ப்பதினும் வந்தவர் இடரைக் களைவது முந்தியது என்னும் நெறி அதில் விளங்குகிறது.

அதற்கும் முந்திய பணி ஒன்றுண்டு என்பது என் துணிபு. அஞ்சல்கள் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், அடைவு அழிந்தாலும் அவற்றை மீண்டும் படித்து அடைவாக்கலாம். ஆனால் ‘குடும்பம்’, ‘விடை எழுதுக’ என நாம் இட்ட குறிச்சொற்கள் அடைவிலேயே தங்குகின்றன. அஞ்சலை எத்தனை முறை படித்தாலும் பொறிக்கு அவை கிட்டா. ஆதலின் அவற்றைத் தனியே எழுதிவைக்கவும் மீட்கவும் நாட்மச்சில் கட்டளைகள் உள்ளன. மீட்க இயலாததைக் காப்பது முதற்பணி. புதியவர் இடரைக் களைவது அடுத்தது. நுட்பங்களைப் பெருக்குவது அதற்குப் பின்னது.

இந்த மூன்றாம் பணியில்தான் தமிழுக்கு இடர் இருக்கிறது. என் பெரிய மாமா மலேசியாவிலிருந்து பல்லாண்டுகள் எனக்குத் தமிழில் மின்னஞ்சல் எழுதிவந்தார். அவர் மறைந்த பின்னர், பூர்வீக வீட்டின் எல்லையைப் பற்றிச் சொந்தங்களுக்குள் பேச்சு எழுந்தது. எல்லையில் நின்ற மரத்தைக் குறித்து அவர் எழுதிய மடல் ஒன்றே சான்று. அப்போது நான் பயன்படுத்திய அஞ்சல் நிரலில் ‘மரம்’ என்று தேடினேன்; கிட்டவில்லை. அவர் எழுதியிருந்ததோ ‘மரத்துக்குக் கிழக்கே’ என்று. ‘மர’ எனத் தொடங்கும் சொற்களையெல்லாம் கேட்டபோது மரபும் வந்தது, மரணமும் வந்தது. அவற்றினூடே அம்மடலும் வந்தது. உறவு முறியாமல் காத்தது அவ்வொரு வரி.

‘மரத்துக்கு’ என்பதில் அத்தும் குவ்வும் நீக்கி மரத்தைக் காண்பது தமிழ் மாணவர்க்கு எளிது, பொறிக்கு அரிது. சொல்லின் அடியைக் காணும் விதிகளைப் பல மொழிகளுக்கும் வகுக்கும் ‘ஸ்னோபால்’ தொகுப்பில் 2019ஆம் ஆண்டில் தமிழும் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. எனினும் விதிகள் இருப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு தேடுநிரலும் அவற்றை ஏற்றுப் பயன்படுத்தல் வேண்டும். ஒருங்குறிக்கு முன் டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் எழுதப்பட்ட பழைய மடல்களை மாற்றி அடைவாக்குவதும் எஞ்சியுள்ள பணியே.

மாணவச் செல்வங்களே! இப்பணிகள் நிரலர்க்கு மட்டும் உரியன என்று ஒதுங்கிவிடாதீர்கள். ‘மரத்துக்கு’ என்றால் மரம் வரவேண்டும், மரபு வரலாகாது. ‘வீட்டில்’ என்றால் வீடு வரவேண்டும் என்று சோதனைச் சொற்களை வகுத்துத் தருவது, புணர்ச்சியும் வேற்றுமையும் கற்ற உங்களால் இயலும். ஆளுக்கு நூறு சொற்களை விடையோடு எழுதித் தந்தால், அது கணினித் துறையினர் நாளையே எடுத்தாளத்தக்க பணியாகும். நம் பெரியோர் எழுதிவைத்த மடல்கள் அவரவர் கணிப்பொறிகளில் காத்திருக்கின்றன. கேட்டபோது அவை கைக்குக் கிட்டச் செய்வது தமிழ்த்துறையின் கடமையும் ஆகும்.