எதிர்முடுக்கம் – எதற்கு எதிர்?

இயற்பியல் மாணவர்களாகிய நாம் அன்றாடம் புழங்கும் சொற்களுள் 'எதிர்முடுக்கம்' ஒன்று. வேகம் குறைவதைக் குறிப்பது என்று பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். ஆயினும், 'எதற்கு எதிர்?' என்று விடுதி நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். 'குறைக்குறி போட்டால் எதிர்முடுக்கம்' என்றே பலரும் சொன்னார்கள்.

ஒரு பந்தை மேல்நோக்கி எறிவோம். மேல்திசையை நேர்க்குறியாகக் கொண்டால், ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் முடுக்கம் குறைக்குறியுடன் 9.8 தான். ஆனால் ஏறுகையில் வேகம் குறைகிறது, இறங்குகையில் கூடுகிறது. குறி மாறவே இல்லை! பொருள் செல்லும் திசைக்கு எதிராக முடுக்கம் அமைவதே எதிர்முடுக்கம். குறியில் என்ன இருக்கிறது?

ஆங்கிலச் சொற்களில் இந்தத் திசை தெரிவதில்லை. 'ரிட்டார்டேஷன்' என்பதன் வேர், மெதுவான என்று பொருள்படும் 'டார்டஸ்' என்னும் இலத்தீன் சொல். 'டிசெலரேஷன்' 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், 'ஆக்சிலரேஷன்' என்பதைப் பார்த்து ஆக்கிக்கொண்ட சொல். 'செலர்' என்றால் விரைவான. இரண்டும் வேகத்தை மட்டுமே பேசுகின்றன. நம் சொல்லோ எதிர் என்ற மூன்றெழுத்தில் திசையையே சொல்லிவிடுகிறது.

முடுக்குதலும் புதிய சொல்லன்று. எங்கள் ஊரில் வெள்ளாமைக்குள் புகுந்த மாட்டை 'முடுக்கிவிடு' என்பார்கள். சந்தப் பாட்டில் விரைந்தோடும் நடைக்கு 'முடுகு' என்று பெயர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஆர்முடுகல், அமர்முடுகல் என்று எழுதுகின்றன. விளக்கை அமர்த்து என்கிறோமே, அந்த அமர்தலை நினைத்தால் போதும். ஓசைக்கு எனக்கு அமர்முடுகலே பிடிக்கும், விளக்கத்துக்கு எதிர்முடுக்கந்தான்.

என் தந்தையார் பேருந்து ஓட்டுநர். அவரிடம் இச்சொல்லைச் சொன்னேன். "பேரெல்லாம் எனக்கெதுக்குப்பா? வண்டி நின்னது உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். ஒரே சீராக 5 வினாடியில் நிறுத்தினால் எதிர்முடுக்கம் 4; வண்டி 50 மீட்டர் ஓடி நிற்கும். 10 வினாடி எடுத்துக்கொண்டால் எதிர்முடுக்கம் 2. ஓடும் தூரம் 100 மீட்டர். நின்றுகொண்டு வரும் பயணியை முன்னே தள்ளுவது 72 என்ற வேகமன்று, இந்த 4 என்ற எண்தான். தந்தையார் 2ஐத் தேர்ந்தெடுப்பவர். நிறுத்தத்துக்கு வெகுதூரம் முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். படியோரம் தக்காளிக் கூடையோடு நிற்கும் கிழவி, கம்பியைப் பிடிக்காமலே இறங்கத் தயாராவாள்.